நடுத்தண்ணீர்

படகின் ஓரத்தில் குப்புறப் படுத்து, வலது கையை முழங்கைக்கு மேல்வரை தண்ணீருக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள் என்றால், அவள் கையை வெளியே எடுக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. விரல்களை அவள் நம்புவதில்லை. கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய விரல்கள் சூட்டையும் குளிரையும் ஒன்றுபோலத்தான் சொல்லும். முழங்கைத் தோல்தான் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் முன்பு தண்ணீரைப் பதம் பார்க்கிற மாதிரியே கடலையும் பார்ப்பாள். கையை எடுத்ததும் ஒரே ஒரு வார்த்தை வரும். "பரவாயில்ல." இல்லையென்றால், "காயுது." சமீப வருடங்களில் இரண்டாவது வார்த்தைதான் அதிகம் வந்தது.

வீட்டிலும் இந்தப் பழக்கம் விடாது. குழம்புச் சட்டியின் ஆவி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெற்றி, பேருந்துச் சன்னல் கம்பி என்று எல்லாவற்றின் மீதும் அந்த முழங்கை ஒரு முறை பட்டுவிட்டுத்தான் வரும். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் கொப்புளிக்கக் கொடுத்த தண்ணீரிலும் முழங்கையை வைத்துப் பார்த்தாள் என்று நாத்தனார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் மறுக்கவில்லை. "சூடா குடுத்திருந்தா பல்லு கூசியிருக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

தெருவில் அவளுக்குக் 'கயிற்றுக்காரி' என்று பெயர். கடலில் சிப்பி வளர்க்கிறாள். விரல் நீளம் வளரும், வெளியே கருநீலமும் உள்ளே வெள்ளையுமான சிப்பி. பாறையில் தானாக ஒட்டி வளர்வதைக் கயிற்றில் ஒட்டவைத்து வளர்க்கிற பிழைப்பு அது. எப்படி என்று கேட்கிறவர்களுக்கு வீட்டின் பின்புறத்தைக் காட்டுவாள். அங்கே துணி காயப்போடும் கொடி இருக்கும். கடலிலும் அதே மாதிரி ஒரு தடித்த கொடிக்கயிறு, இரண்டு முனையிலும் நங்கூரம். கொடி அமிழ்ந்துவிடாமல் தூக்கிப் பிடிக்க, மேலே வரிசையாக நீலநிற பிளாஸ்டிக் டிரம்கள். கொடியிலிருந்து ஈரத் துண்டுகள் மாதிரி நெடுக நெடுகத் தொங்குகிற கயிறுகளில்தான் சிப்பி. "துணி காயணும், இது நனையணும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள்.

கணவர் தையல்காரர். அலை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வெளுக்கிற ஆள். படகுத்துறைப் பலகையில் சும்மா நின்றதற்கே வாந்தி எடுத்தவர். ஆனாலும் அவர் இல்லாமல் ஒரு சிப்பிகூட வளராது. நகத்தளவு குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றி வைத்து, மேலே மெல்லிய பருத்தி வலைத்துணியைக் குழாய்போலச் சுற்றித் தைப்பது அவர் வேலை. கடல் தண்ணீரில் அந்தப் பருத்தி சில நாளில் இற்றுப்போகும். அதற்குள் குஞ்சுகள் நார் விட்டுக் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைக்குச் சட்டை தைக்க வருகிறவர்களிடம் அவர் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார். "நான் தைக்கிற துணி கிழிஞ்சாத்தான் எனக்கு நல்ல பேரு. இப்படி ஒரு தையக்காரனை வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

படகில் கூட வருவது அவருடைய தங்கை. இஞ்சினை ஓட்டுவது அவள்தான். அவளுக்கு ஊர் வைத்த பெயர் 'சோப்பு'. சேற்றில் செய்கிற தொழிலைச் சேறு படாமல் செய்துவிட முடியும் என்று நம்புகிறவள். முழங்கைவரை ரப்பர் உறை மாட்டாமல் கடலைத் தொட மாட்டாள். திரும்பி வந்ததும் படகைக் கழுவி, வாளியைக் கழுவி, கழுவப் பயன்பட்ட தேய்ப்பானையும் தனியாகக் கழுவுவாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே படகில் போனால் ஒன்று சண்டை வரும், இல்லை படகு கவிழும் என்று ஊர் எதிர்பார்த்தது. சண்டை தினமும் வந்தது. படகு இதுவரை கவிழவில்லை.

முந்தின வருடத்துக்கு முந்தின வெயில் காலத்தில்தான் கயிறு முதன்முதலாக லேசாக வந்தது. இழுத்த வேகத்துக்கு இரண்டு பேரும் பின்னால் சாய்ந்துவிட்டார்கள். வழக்கமான கனம் இல்லை. சிப்பிகள் வாயைப் பிளந்துகொண்டு தொங்கின. பாதி ஏற்கெனவே உதிர்ந்து போயிருந்தன. அவளுக்கு முதலில் தோன்றியது, தாங்கள்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்பது. குஞ்சு சரியில்லையா, தையல் இறுக்கமா, கயிறு புதுசா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் கணவரின் ஊசியைக்கூட மாற்றச் சொன்னாள். அடுத்த வருடமும் அதே கதை.

அதற்குள் சுற்றியிருந்த கடலும் மாறிக்கொண்டு வந்தது. படகுத்துறைத் தூண்களைச் சுற்றியே திரிந்த பாறைமீன்களைக் காணோம். தூண்டில்காரர்கள் நரம்பை நீளமாக்கிக்கொண்டு வெளியே, ஆழத்துக்குப் போனார்கள். அவை விட்டுப்போன இடத்தில் மஞ்சள் கோடு போட்ட ஒரு மீன் கூட்டமாக வந்து குடியேறியது. யாருக்கும் அதன் பெயர் தெரியாததால் 'புது வாடகைக்காரன்' என்று கூப்பிட்டார்கள். "எல்லாரும் மாடி மாறிப் போறாங்க. நம்ம சிப்பிக்குத்தான் கால் இல்ல" என்று அவள் சொன்னபோது, அது நகைச்சுவையா வருத்தமா என்று சோப்புக்கே பிடிபடவில்லை.

மீன்வளத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். இளைஞர். கம்பியில் ஒரு கருவியைக் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வோர் ஆழத்திலும் எவ்வளவு சூடு என்று பார்த்தார். வெயில் சூடு மேல்தண்ணீரில் மூடிபோலத் தங்கிவிடுகிறது. முன்பெல்லாம் காற்று அடித்து மேலையும் கீழையும் கலக்கிவிடும். இப்போது சூடு சீக்கிரம் வந்து, கலையாமல் நெடுநாள் நிற்கிறது என்று விளக்கினார். கொடியை இரண்டு பாகம் கீழே இறக்கிப் பாருங்கள் என்றார். பாகம் என்றால் விரித்த இரண்டு கைகளின் நீளம். "கீழ இன்னும் பழைய கடல்தான்மா இருக்கு" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் அவளுக்குப் பிடித்திருந்தது. கருவி காட்டிய எண் பிடிக்கவில்லை. அந்த ஆழத்துத் தண்ணீரை மேலே கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். அவரிடம் அதற்கும் ஒரு குப்பி இருந்தது. வாளியில் ஊற்றச் சொல்லி முழங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு சரியாத்தான் சொல்றாரு" என்று அவரிடமே சொன்னாள்.

ஆனால் இரண்டு வருடச் சாவு எந்த வீட்டையும் சும்மா விடாது. ஆற்றுமுகத்துக்கு அந்தப் பக்கம், மீன் பதப்படுத்தும் ஆலையில் இரண்டு இடம் காலியாக இருந்தது. சோப்பு போய்ப் பேசிவிட்டு வந்தாள். சிப்பியை ஓட்டிலிருந்து பிரித்து உறையில் அடைக்கிற வேலை. தூரத்துக் குளிர்க்கடல்களில் யாரோ வளர்த்த சிப்பி. சோப்புக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "உள்ள போறப்ப காலை மருந்துத் தண்ணியில நனைச்சாத்தான் விடுறாங்க அண்ணி. சுவத்துல ஒரு பொட்டு அழுக்கு இல்ல" என்று அவள் சொன்னபோது, குரலில் ஒரு பக்தி இருந்தது. இரண்டு பேருக்கும் இந்தப் பருவம் முடியும்வரை இடம் வைத்திருப்பதாக ஆலையில் சொல்லியிருந்தார்கள். கொடியை இறக்கிப் பார்ப்பது, இந்த முறையும் செத்தால் எல்லாவற்றையும் பிரித்துக் கரைசேர்த்துவிட்டு ஆலைக்குப் போய்விடுவது என்று வீட்டில் முடிவாயிற்று. கயிற்றுக்காரி தலையாட்டினாள். வெள்ளை விளக்கின் கீழ், வேறொருவர் வளர்த்த சிப்பியை நாள் முழுக்கப் பிளந்துகொண்டு நிற்பதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கொடியை இறக்கினார்கள். டிரம்கள் மேலே மிதக்க, ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் நீளக் கயிறு விட்டு, கொடியை இரண்டு பாகம் ஆழத்தில் தொங்கவிட்டார்கள். டிரம்கள் முன்பு இருந்ததில் பாதிதான். கனமே இல்லாத கயிறுகளைத் தூக்கிப் பிடிக்க இத்தனை எதற்கு என்று அவள் மீதியைக் கொடுத்துவிட்டிருந்தாள். ஒன்றில் பக்கத்து வீட்டார் மழைத்தண்ணீர் பிடித்தார்கள். ஒன்று தையல்கடையில் வெட்டுத்துணி போடும் தொட்டியாயிற்று. குஞ்சுகளின் கனத்துக்கு மிச்சமிருந்தவை தாராளமாகப் போதும்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. முன்பெல்லாம் வாரம் தவறாமல் ஒரு கயிற்றையாவது தூக்கிப் பார்ப்பவள், இப்போது இஞ்சின் இருமுகிறது என்றாள், காற்று சரியில்லை என்றாள், வீட்டுக் கூரையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தால் எதுவும் ஒட்டாது என்று ஒரு சட்டமும் பேசினாள். அது பொறுமையா, பயமா? ஒருவேளை அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்காது. தூக்கிப் பார்த்த ஒவ்வொரு முறையும் சாவைப் பார்த்தவள், பார்க்காதவரை அது சாகவில்லை என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

பருவம் முடிகிற சமயத்தில், சோப்பு பிடிவாதம் பிடித்ததால் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது கடல் மொட்டையாக இருந்தது. ஒரு டிரம்கூட இல்லை. சோப்பு இஞ்சினை அணைத்தாள்.

"தூக்கிட்டுப் போயிட்டானுங்க அண்ணி."

திருடன் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தாள். தூண்டில்காரர்கள் மொத்தப் பேரும், சென்ற வருடம் கடன்வாங்கிய வாளியைத் திருப்பித் தராத படகுக்காரரும் பட்டியலில் வந்தார்கள். நேராகக் காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றாள். உறையைக் கழற்றாமலே கையை உதறி உதறித் திட்டிக்கொண்டிருந்தாள்.

கயிற்றுக்காரி வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நங்கூரம் இருக்கும் இடத்தைக் காட்ட, அதிலிருந்து நேராக மேலே வரும் தனிக்கயிற்றில் வாயடைத்த ஒரு வெள்ளைத் தகரக்குவளை கட்டியிருக்கும். அது அதன் இடத்திலேயே மிதந்தது. இத்தனையையும் அவிழ்த்துக்கொண்டு போகிறவன் நல்ல நங்கூரத்தை விட்டுவிட்டா போவான்? அவள் கொக்கியைக் கயிற்றில் கட்டி அடியில் இழுத்துவரச் சொன்னாள். கொஞ்ச தூரத்தில் மாட்டியது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் விளிம்பைத் தொட்டது. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். மூன்று வருடமாகக் கையில் படாத கனம்.

முதலில் ஒரு நீல டிரம் வந்தது. தட்டிப் பார்த்தாள். ஓட்டை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இல்லை. அடுத்ததும் அப்படியே. பின்னாலேயே கொடி வந்தது. கொடியிலிருந்து கயிறு வந்தது. கயிற்றைச் சுற்றிக் கருநீலமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உள்ளே கயிறு இருப்பதே தெரியாமல் சிப்பி வந்தது.

சோப்பு திட்டுவதை நிறுத்தினாள். யாரும் திருடவில்லை. ஆழத்துக் குளிரில் குஞ்சுகள் பிழைத்து, தின்று, பெருத்து, தங்களைத் தூக்கிப் பிடித்த டிரம்களையே கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. கனம் கூடக் கூட டிரம் சேர்த்துக்கொண்டே போக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவள் அதை மறக்கவில்லை. வளரும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை. செத்துப்போவதற்குக் கணக்குப் போட்டு டிரம் கட்டியிருந்தாள்.

கீழ்ப்பாதி வந்தபோது இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சேற்றில் கிடந்த பாதியை நட்சத்திர மீன்கள் கண்டுபிடித்துவிட்டன. ஆரஞ்சு நிறத்தில், ஐந்து கையாலும் சிப்பியைக் கட்டிப்பிடித்து, ஓட்டைத் திறந்து, உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துகொண்டிருந்தன. எல்லாக் கயிற்றிலும் இதே விருந்து.

"நான்தான் முழுகடிச்சேன்" என்றாள் கயிற்றுக்காரி. சத்தமில்லாமல் சொன்னாள்.

சோப்பு இஞ்சினைக் கிளப்பிப் படகைத் திருப்பினாள். கரைக்கு வந்து படகைக் கழுவி முடித்த பிறகுதான் சொன்னாள். மேலே விட்டால் வேகிறது, கீழே விட்டால் தின்கிறான்; பாதிக் கயிற்றை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்ட முடியாது; ஆலையில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். குரலில் குத்தல் இல்லாததுதான் கயிற்றுக்காரிக்கு அதிகமாக வலித்தது. பேசி வைத்ததுதானே, சரி என்றாள். கணவர் அன்று மாலை தையல் இயந்திரத்துக்கு வெகுநேரம் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு என்ன. இனிமே கிழியாத துணியாத் தைக்கிறேன்."

மறுநாள் காலையில் பிரிக்கப் போனார்கள். காற்று இல்லை. தகரக்குவளையைப் பிடித்து நங்கூரக் கயிற்றிலிருந்து ஆரம்பித்தார்கள். பாசியும் சேறும் பிடித்த கயிற்றை வீட்டில் வைத்தால் தெருவே நாறும் என்று, ஏறிவர ஏறிவரச் சுரண்டிச் சுத்தம் பண்ணித்தான் சோப்பு சுருட்டுவாள். அதற்கென்று ஒரு மடக்குக்கத்தி. அண்ணி இழுக்க, நாத்தனார் சுரண்ட, மேல்பகுதி வந்தது. பச்சைப் பாசி, வழவழப்பு, செத்த ஓடு ஒன்றிரண்டு. சோப்பு கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு, நழுவிய உறையைச் சரியாக மாட்டிக்கொள்ளத் திரும்பினாள்.

கயிற்றுக்காரியின் உள்ளங்கையில் மணல்போல ஏதோ நெருடியது.

இழுப்பதை நிறுத்தினாள். கயிற்றை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். மணல் இல்லை. எள்ளளவு, மிளகளவு சிப்பிக் குஞ்சுகள். கயிற்றின் முறுக்குகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் முடியை விட மெல்லிய நார் விட்டுப் பிடித்திருந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் இருந்தன. கயிற்றுக்குச் சட்டைக்கை மாட்டிய மாதிரி, சுற்றிலும். அப்புறம் சட்டென்று தீர்ந்தது. அதற்குக் கீழே வெறும் சேறு. சேற்றில் ஒரு நட்சத்திர மீன் பசியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அவ்வளவையும் திரும்பத் தண்ணீருக்குள் விட்டு, இன்னொரு முறை இழுத்தாள். இந்த முறை கைகளை விரித்து விரித்து அளந்தாள். குஞ்சு பிடித்த பகுதி, அதிகாரி சொன்ன இரண்டு பாகத்துக்குச் சற்றுக் கீழே ஆரம்பித்து, அடித்தரைக்கு வெகு மேலேயே முடிந்துவிட்டது. அவள் கொடியில் கட்டியிருந்த கயிறுகளின் நீளத்தில் பாதிகூட இல்லை.

"என்ன அண்ணி அது?" சோப்பு குனிந்தாள். பிறகு, ஊரில் யாரும் நம்பாத ஒரு காரியம் செய்தாள். மாட்டிய உறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது யாரு கட்டினது? அண்ணன் தைக்கலையே."

"யாரும் தைக்கல. அதுகளே எடம் பாத்து ஒக்காந்திருக்குதுங்க."

"நம்ம சிப்பி போட்ட குஞ்சா?"

"நம்மளுதோ, பாறையோடதோ. நம்ம கயிறு நீளம் அதிகம். அதான் விஷயம். மேல சூடு, கீழ அவன்." நட்சத்திர மீனைக் காட்டினாள். "நடுவுல எடம் இருக்கு. கயித்தப் பாதியா நறுக்கி, இந்த எடத்துல மட்டும் தொங்கவிடணும். டிரம்ம ரெண்டு மடங்கு கட்டணும். வாரா வாரம் வந்து பாக்கணும்."

"டிரம்முக்கு எங்க போவீங்க? பக்கத்து வீட்டு மழைத்தண்ணிய யாரு குடிச்சுத் தீக்கிறது?"

கயிற்றுக்காரி சிரிக்கவில்லை. கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, நாத்தனாரின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நீ ஆலைக்குப் போ. உனக்கு அந்த எடம் பிடிச்சிருக்கு, எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

 தூரத்தில் ஆலையின் வெள்ளைச் சுவர் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அதைச் சோப்பு ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் போயிட்டா இஞ்சினை யாரு ஓட்டுவா? உங்க முழங்கையா?"

அவ்வளவுதான் பேச்சு. சோப்பு உறையை மறுபடி மாட்டினாள்.  அழுக்கான கயிற்றைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. குஞ்சு இருக்கிற இடத்தைத் தொட மாட்டேன், மேலேயும் கீழேயும் இருக்கிற பாசியை மட்டும் லேசாகச் சுரண்டிவிட்டுத் திரும்ப இறக்கிவிடலாம் என்றாள். பலகையில் கையை விட்டுத் துழாவினாள். வாளிக்குப் பின்னால் பார்த்தாள், இஞ்சினுக்கு அடியில் பார்த்தாள்.

"கத்தி எங்க அண்ணி?"

கயிற்றுக்காரி நங்கூரக் கயிற்றைப் பிடி பிடியாகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். கத்தியை மடக்கித் தனக்கு அடியில் தள்ளி, அதன் மேல் அழுந்த உட்கார்ந்திருந்தாள்.